அறுவைக்குப் பின் மருந்து எத்தனை மாதம்?

பெருங்குடலில் புற்றுநோய் கண்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரிடம், "இனி ஆறு மாதம் கீமோதெரபி மருந்து ஏற்ற வேண்டும்" என்று கூறினால் அவர் மனம் சோர்வது இயல்பே. கட்டியை அகற்றிய பின்னரும் மருந்து ஏன்? அது ஆறு மாதம் நீடிக்கத்தான் வேண்டுமா? இவற்றை இங்கு விளக்க விரும்புகிறோம்.

குடலை அடுத்து நிணநீர்க் கணுக்கள் எனப்படும் சிறு முடிச்சுகள் உள்ளன. புற்று அவற்றை எட்டியிருந்தால், கண்ணுக்குப் புலப்படாத நோயணுக்கள் உடலில் வேறெங்கேனும் தங்கியிருக்கக்கூடும். கத்தி எட்டாத அவ்விடங்களை மருந்து எட்டும். 1990ஆம் ஆண்டளவில் ஓராண்டுக் காலம் மருந்து கொடுத்தனர். பின்னர் ஆறு மாதமே போதுமெனத் தெளிந்தனர். 2004ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வுக்குப் பின் ஆக்ஸாலிபிளாட்டின் என்னும் மருந்தும் உடன் சேர்ந்தது.

நோய் திரும்புவதை அம்மருந்து மேலும் குறைத்தது. ஆனால் நரம்பைத் தாக்கும் குணமும் அதற்குண்டு. விரல் நுனிகள் மரத்துப்போகும். குளிர்ந்த நீரைத் தொட்டால் ஊசி குத்துவது போலிருக்கும். யாருக்கும் இது தொல்லையே. எனினும், விடியுமுன் பனியில் இறங்கி, பட்டையின் ஆழத்தைக் கையால் உணர்ந்து, மரத்தைக் காயப்படுத்தாமல் கத்தி பிடிக்கும் பால்வெட்டுத் தொழிலாளிக்கு இது பிழைப்பையே தொடும் செய்தியாகும். சிலருக்கு மருந்து நின்று ஆண்டுகள் கழிந்தும் மரமரப்பு நீங்குவதில்லை.

12 நாடுகளைச் சேர்ந்த 12,834 நோயாளிகளிடம் நடந்த ஆறு ஆய்வுகளின் கணக்கு 2018இல் ஒருங்கே வெளிவந்தது. ஆறு மாதம் மருந்து பெற்றவருள் 100க்கு ஏறத்தாழ 45 பேருக்குக் குறிப்பிடத்தக்க நரம்புத் தொல்லை ஏற்பட்டது. மூன்று மாதம் பெற்றவருள் அது 17ஐத் தாண்டவில்லை.

பயன் எப்படி? கட்டி குடற்சுவரை முழுவதும் துளைத்து வெளிப்படாமலும், மூன்று கணுக்களுக்கு மேல் பரவாமலும் இருந்தவருள், மூன்றாண்டுக்குப் பின் நோயின்றி இருந்தோர் இரு சாராரிலும் 100க்கு 83 பேர். ஆகவே இத்தகையோர்க்குப் பெரும்பாலும் மூன்று மாதம் போதும். குறிப்பாக, மூன்று வாரத்திற்கொருமுறை ஊசிவழி ஏற்றி, இடையே கேப்சைட்டபின் மாத்திரை உட்கொள்ளும் முறையில் நான்கே சுற்று. கட்டி சுவரைத் துளைத்திருந்தாலோ, நான்கு கணுக்களுக்குக் குறையாமல் பரவியிருந்தாலோ நிலைமை வேறு. ஆறு மாதம் பெற்றவருள் 100க்கு ஏறத்தாழ இருவர் கூடுதலாக நோயின்றி இருந்தனர். சிறு எண்தான், ஆயினும் அவ்விருவருள் நாம் ஒருவராக இருக்கலாமன்றோ!

எனவே, அடுத்த தோட்டத்தில் ஒருவர் மூன்று மாதத்தில் முடித்தார் என்பதற்காகத் தாமாக மருந்தை நிறுத்துதல் கூடாது. "என் நோய் எத்தனை கணுக்களில் இருந்தது? சுவரைத் துளைத்திருந்ததா?" என மருத்துவரிடம் கேளுங்கள், அகற்றிய குடலின் பரிசோதனை அறிக்கையில் விடை உண்டு. சட்டைப் பொத்தானை மாட்ட விரல் தடுமாறினால், அடுத்த ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஆக்ஸாலிபிளாட்டினை மட்டும் குறைக்கவோ நிறுத்தவோ செய்து, மற்ற மருந்தைத் தொடர மருத்துவரால் இயலும்.