மழைக் காற்றில் ஊறும் காப்பிக் கொட்டை!

காப்பிக் கொட்டையில் ஈரம் படாமல் காப்பது வழக்கம். ஈரக் காற்றில் வைத்தே ருசி ஏற்றும் கொட்டையும் உண்டு! அதன் பெயர், "மான்சூன்டு மலபார்".

கப்பலில் வந்த ருசி

அந்தக் காலத்தில் நம் நாட்டுக் காப்பிக் கொட்டை, மேற்குக் கடற்கரையில் இருந்து பாய்மரக் கப்பலில் ஐரோப்பா போனது. ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகப் பல மாதங்கள் ஆகும். வழியெல்லாம் ஈரக் கடல் காற்று! பச்சைக் கொட்டை உப்பி, மஞ்சளாகிவிடும். புளிப்பும் குறைந்துவிடும். அந்த ருசி ஐரோப்பியருக்குப் பிடித்துப் போயிற்று.

1869-ல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. நீராவிக் கப்பல்களும் பெருகின. கொட்டை சீக்கிரம் போய்ச் சேர்ந்தது, ஆனால், பச்சையாகவே! பழகிய ருசியைக் காணோம். வாங்கியவர்கள் அதையே தேடினார்கள்.

காற்று கைகொடுத்தது

அதற்கும் ஒரு வழி பிறந்தது. மழைக் காலத்தில், மங்களூர் போன்ற கடலோர ஊர்களில், காற்றோட்டமான கிடங்குகளில் கொட்டையைப் பரப்புகிறார்கள். அடிக்கடி கிளறிவிடுகிறார்கள். பிறகு, காற்றுப் புகும்படி தளர்வாக மூட்டை கட்டி அடுக்குகிறார்கள். கவனம் தப்பினால் பூஞ்சை பிடிக்கும்; சரக்கு பாழ்!

சில வாரங்களில் கொட்டை பருத்துப் பொன்னிறம் ஆகிறது. அந்தக் காப்பியில் புளிப்பு குறைவு; திடம் அதிகம்; லேசான மண்வாசனையும் உண்டு.

அன்று கடல் தானாகச் செய்ததை, இன்று தொழிலாளர் கைகள் செய்கின்றன!