மாத்திரை போட்டதும் காய்ச்சல் ஏறினா? லைம் நோயில் எது எதனால் வருது

இந்த வாரம் வந்த வாய்ஸ் நோட்டுகள்ல ஒண்ணு நியூ ஜெர்சியில இருந்து. ஹைக்கிங் போன இடத்துல உண்ணி கடிச்சு, கால்ல சிவப்பு வட்டம் பெருசாகிட்டே போக, டாக்டர் லைம் நோய்னு சொல்லி டாக்சிசைக்ளின் கொடுத்திருக்கார். முதல் மாத்திரை போட்ட ராத்திரியே குளிர் நடுக்கம், காய்ச்சல். "மருந்து ஒத்துக்கலையா, இல்ல நோய் முத்துதா?"ன்னு கேட்டிருந்தார். நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்ல அதுக்குள்ள ஒரு பதிலும் வந்தாச்சாம்: "மோசமாகுதுன்னா கிருமி சாகுதுன்னு அர்த்தம், பொறுத்துக்கோ."

இதுல பாதி உண்மை. மீதிப் பாதி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனாலதான் இந்த எபிசோட்.

நான் டாக்டர் இல்ல, கோட் எழுதுறவன். ப்ரொடக்ஷன்ல ஏதாவது உடைஞ்சா நாங்க முதல்ல பார்க்கிறது டைம்ஸ்டாம்ப். இங்கயும் அதுதான் உதவும்.

அந்தப் பாதி உண்மைக்கு ஒரு பேர் இருக்கு: யாரிஷ்-ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்வினை. 1895-ல அடோல்ஃப் யாரிஷ், 1902-ல கார்ல் ஹெர்க்ஸ்ஹைமர்னு ரெண்டு தோல் மருத்துவர்கள், சிஃபிலிஸ் நோயாளிகளுக்குப் பாதரச சிகிச்சை கொடுத்ததும் நோய் கொஞ்ச நேரம் சீறி எழுறதைப் பதிவு பண்ணாங்க. சிஃபிலிஸ் கிருமியும் சரி, லைம் நோயோட பொரேலியாவும் சரி, சுருள் வடிவ பாக்டீரியா. மருந்து பட்டு அது மொத்தமா உடையும்போது அதோட துண்டுகள் ரத்தத்துல கலக்குது. நம்ம நோய் எதிர்ப்பு செல்கள் அதைப் பார்த்து அலாரம் அடிக்குது. காய்ச்சல், நடுக்கம், தலைவலி, தசைவலி, தோல் தடிப்பு இன்னும் சிவக்கிறது எல்லாம் அந்த அலாரம்தான்.

முக்கியமான விஷயம் நேரம். இது முதல் டோஸ் போட்ட 24 மணி நேரத்துக்குள்ள வரும். பொதுவா ஒரு நாளுக்குள்ள அடங்கிடும். லைம் நோயில எல்லாருக்கும் வராது, சிலருக்குத்தான். வந்தா டாக்டர்கிட்ட சொல்லணும், ஆனா அதுக்காக நீங்களா மருந்தை நிறுத்தக் கூடாது. அஞ்சாவது நாள் புதுசா வர்ற காய்ச்சலுக்கு இந்தப் பேரை வைக்க முடியாது. அதுக்கு வேற காரணம் தேடணும்.

அடுத்தது மருந்தோட பக்கவிளைவு. இது எந்த நாள்லயும் வரலாம். டாக்சிசைக்ளின் போட்டா குமட்டல் சகஜம். வெயில்ல போனா தோல் சட்டுனு கருகிச் சிவந்துடும். தண்ணி இல்லாம முழுங்கிட்டு உடனே படுத்தா உணவுக்குழாய் புண்ணாகி நெஞ்சு எரியும். அதனால ஒரு டம்ளர் நிறைய தண்ணி குடிச்சு, கொஞ்ச நேரம் நிமிர்ந்து உட்காருங்க. ஆனா உடம்பெல்லாம் அரிப்புத் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல்னா அது அலர்ஜி. அடுத்த டோஸ் போடாம நேரா எமர்ஜென்சிக்குப் போகணும்.

மூணாவது, இன்னொரு கிருமி. லைமைப் பரப்புற அதே உண்ணி பபேசியாங்கிற ஒட்டுண்ணியையும் சேர்த்து ஏத்திவிடலாம். அது மலேரியா மாதிரி சிவப்பணுக்குள்ள வாழுறது. டாக்சிசைக்ளின் அதைக் குணப்படுத்தாது. ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்சு ஓரிரு நாள் தாண்டியும் காய்ச்சல் விடலைன்னா, ரத்தப் பரிசோதனை வேணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

நாலாவது, லைம் நோயே அடுத்த இடத்துக்குப் போறது. முகம் ஒரு பக்கமா கோணுறது, கழுத்து விறைப்போட கடும் தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, மயக்கம். இந்தக் கிருமி இதயத்தோட மின் இணைப்பைத் தொட்டா துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். ஒரு இசிஜி எடுத்தா தெரிஞ்சுடும், உரிய சிகிச்சையில பெரும்பாலும் சரியாகிடும். "கிருமி சாகுது, பொறுத்துக்கோ"ன்னு வீட்டுலயே படுத்திருந்தா அந்த வாய்ப்பே போயிடும்.

இன்னொண்ணு. கோர்ஸ் முடிஞ்சப்புறமும் சில வாரம் அசதி, மூட்டுவலி இருக்கலாம். பெரும்பாலானவங்களுக்கு அது மெதுவா குறையும். அதுக்காக நாமளா மருந்தை நீட்டிக்க வேண்டாம்.

இப்போ செய்ய வேண்டியது சின்ன வேலை. போன்ல ஒரு நோட் திறங்க. முதல் டோஸ் போட்ட தேதி, மணி. ஒவ்வொரு புது அறிகுறியும் எப்போ தொடங்கிச்சு, எப்போ விட்டுச்சு. தெர்மாமீட்டர் காட்டின எண். தடிப்போட ஓரத்தைப் பேனாவால வரைஞ்சு தினம் ஒரு ஃபோட்டோ. டாக்டருக்கு "உடம்பு சரியில்ல"ங்கிறதைவிட இந்த லாக் நூறு மடங்கு உதவும்.

மயக்கம், மூச்சுத் திணறல், முகக் கோணல் இதுல ஏதாவது வந்தா மட்டும் நோட்டைத் திறக்காதீங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க.