சோழிக் கணக்கும் லெ ஜென்டிலும்

சங்கரன்கோவிலில் ஆடித்தபசு என்றைக்கு என்பதைப் பஞ்சாங்கம்தான் சொல்கிறது. எங்கள் பள்ளியில் கிரகணப் பாடம் நடத்தும்போது, அந்தக் கணக்கை மதித்த ஒரு பிரெஞ்சு வானியலாளரைப் பற்றிப் பிள்ளைகளுக்குத் தவறாமல் சொல்வேன்.

அவர் பெயர் லெ ஜென்டில். வெள்ளி சூரியனைக் கடப்பதை அளந்தால் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் தெரியும். அதற்காக 1760இல் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். வந்து சேருமுன் ஊரை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். 1761 ஜூன் 6 அன்று கடப்பு நிகழ்ந்தபோது, ஆடும் கப்பலில் அளவெடுக்க முடியவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டுகள் ஊர் திரும்பாமல் காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை, புதுச்சேரியில் மேகம் மூடிக்கொண்டது. எல்லாம் முடிந்தபின் வெயிலடித்தது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

காத்திருந்த காலத்தில் தமிழ்க் கணக்கர்களிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். அவர்கள் சோழிகளைப் பரப்பி, மனப்பாட வாய்பாட்டைச் சொல்லியபடியே கிரகணம் கணித்தார்கள். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழர் கணக்கு 41 விநாடி பிசகியது. ஐரோப்பாவில் பேர்பெற்ற மேயரின் அட்டவணையோ 68 விநாடி. தாய்நாடு திரும்பியவர் இதை ஒளிக்காமல் அச்சிலேற்றினார்.