பெரிய கண்ணு எல்லாமே அழகு இல்ல: குழந்தைகளுக்கு வரும் கிளாக்கோமா

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகத் திருத்தப்பட்டது.)

கிளாக்கோமான்னு சொன்னா நமக்கு ஞாபகம் வர்றது தாத்தா, பாட்டி, சொட்டு மருந்து பாட்டில். ஆனா பிறந்த குழந்தைக்கும் இது வரும். நான் டாக்டர் இல்ல, இன்ஜினியரிங் படிச்சுட்டு கோட் எழுதுற ஆள். ஆனா தருமபுரி மாவட்டத்துக்காரன். எங்க பக்கத்துல இதைப் பேச ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு, குழந்தைக்குக் கண்ணு பெருசா இருந்தா "என்ன அழகு"ன்னு சொல்லி திருஷ்டிப் பொட்டு வைப்போம். ரெண்டு, அக்கா பொண்ணு, மாமன் பையன்னு சொந்தத்துலயே கல்யாணம் பண்ணுவோம். ரெண்டுமே இந்த நோயோட தொடர்பு உள்ள விஷயம்.

ஏரியும் மதகும்

கண்ணோட முன்பகுதியை ஒரு சின்ன ஏரின்னு நினைச்சுக்கோங்க. உள்ள ஒரு தெளிவான திரவம் எப்பவும் சுரந்துக்கிட்டே இருக்கும். இது கண்ணீர் இல்ல, அது வேற. கண்ணுக்கு மேல கண்ணாடி மாதிரி இருக்கற கார்னியாவும், நிறம் உள்ள ஐரிஸும் சந்திக்கிற மூலையில ஒரு சல்லடை இருக்கு. அதுதான் மதகு. வரத்தும் போக்கும் சமமா இருந்தா அழுத்தம் சரியா இருக்கும். மதகு அடைச்சா அழுத்தம் ஏறும், மூளைக்குப் படத்தை அனுப்புற பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போகும். செத்த நரம்பைத் திரும்பக் கொண்டுவர இன்னிக்கு வரைக்கும் வழி இல்ல.

பெரியவங்களுக்குக் கண்ணோட சுவர் கெட்டியா இருக்கும். சுமார் மூணு வயசு வரைக்கும் அது இளசு. அதனால அழுத்தம் ஏறினா கண்ணே பலூன் மாதிரி விரியும். பிறந்த குழந்தையோட கார்னியா சுமார் 10 மில்லிமீட்டர் அகலம். ஒரு வயசுக்குள்ள 12 மில்லிமீட்டரைத் தாண்டினா டாக்டர்கள் சந்தேகப்படுவாங்க. விரியும்போது கார்னியாவோட உள்பக்கம் கீறல் விட்டு நீர் புகுந்து, கண்ணு பனி படர்ந்த மாதிரி மங்கும்.

வீட்டுல கவனிக்க வேண்டியது மூணு: கண்ணுல தண்ணி வடியறது, வெளிச்சத்தைப் பார்க்க முடியாம அம்மா தோள்ல முகத்தைப் புதைக்கறது, இமையை இறுக்கி மூடிக்கறது. வெறும் தண்ணியும் பீளையும்னா பெரும்பாலும் கண்ணீர்ப் பாதை அடைப்பா இருக்கும், நிறைய குழந்தைங்களுக்கு ஒரு வயசுக்குள்ள தானாவே சரியாயிடும். ஆனா கூடவே வெளிச்சக் கூச்சமோ, பெரிய கண்ணோ, மங்கலோ இருந்தா ஒரு வாரம்கூட காத்திருக்கக் கூடாது.

எத்தனை வகை?

முதல் வகை, பிறவிக் கிளாக்கோமா. கருவுலயே மதகு சரியா உருவாகாம போறது. பெரும்பாலும் ரெண்டு கண்ணையும் பாதிக்கும், ரெண்டு வயசுக்குள்ள தெரியவரும்.

ரெண்டாவது, வளரும் வயசுல வர்றது. நாலு வயசுக்கு மேல எப்ப வேணா வரலாம். கண்ணு விரியாது, வலிக்காது, அதனாலயே ஆபத்து. குடும்பத்துல யாருக்காவது இளம் வயசுலயே கிளாக்கோமா இருந்தா, பிள்ளைகளை வருஷா வருஷம் காட்டணும்.

மூணாவது, வேற பிரச்சனையோட சேர்ந்து வர்றது. ஐரிஸ் இல்லாம பிறக்கறது, கர்ப்பத்துல அம்மாவுக்கு வந்த ரூபெல்லா, முகத்துல இமையைத் தொடற மாதிரி செந்நிற மச்சம், இதெல்லாம் இருந்தா கண் அழுத்தத்தையும் பார்க்கணும். கைக்குழந்தையில கண்புரை ஆபரேஷன் செஞ்சவங்களுக்குப் பல வருஷம் கழிச்சும் வரலாம்.

நாலாவது, நாமளே வரவழைக்கறது. கில்லி, பட்டாசுன்னு பட்ட அடி ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஸ்டீராய்டு சொட்டு மருந்து. வெயிலும் புழுதியும் உள்ள ஊர்ல பசங்களுக்குக் கண் அலர்ஜி சகஜம். அரிப்பு, சிவப்பு, நூல் மாதிரி பீளை. ஒரு தடவை எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு உடனே கேட்கும். அப்புறம் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல்ல மாசக்கணக்கா வாங்கிப் போடுவோம். அரிப்பு போயிடும், உள்ள அழுத்தம் சத்தமில்லாம ஏறும். டாக்டர் சொன்ன நாளுக்கு மேல ஒரு சொட்டுகூட வேண்டாம்.

சொந்தத்துல கல்யாணம்

பிறவிக் கிளாக்கோமாவுக்குக் காரணமான முக்கிய மரபணு சி.ஒய்.பி.1பி.1. 1997-ல கண்டுபிடிச்சாங்க. ஒவ்வொரு மரபணுவும் நம்மகிட்ட ரெண்டு காப்பி இருக்கும். ஒண்ணு பழுதானா பேக்கப் வேலை செய்யும், நமக்கு எதுவும் தெரியாது. அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்டயும் ஒரு பழுதான காப்பி இருந்தா, ஒவ்வொரு பிரசவத்துலயும் குழந்தைக்கு ரெண்டுமே பழுதா வர நாலுல ஒரு வாய்ப்பு.

தாய்மாமனும் அக்கா பொண்ணும் சராசரியா நாலுல ஒரு பங்கு மரபணுவைப் பகிர்ந்துக்கறாங்க. அத்தை, மாமன் பிள்ளைகள்னா எட்டுல ஒரு பங்கு. அதனால ஒரே பழுது ரெண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு கூடுது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019–21 படி தமிழ்நாட்டுல சொந்தத்துல கல்யாணம் சுமார் 28 சதவீதம், நாட்டோட சராசரி 11. ஆந்திராவுல நடந்த ஆய்வு, சுமார் 3,300 பிறப்புக்கு ஒரு குழந்தைக்குப் பிறவிக் கிளாக்கோமான்னு மதிப்பிட்டது. மேற்கு நாடுகள்ல இது 10,000-லிருந்து 20,000-க்கு ஒண்ணு.

சொந்தத்துல கட்டினவங்க பிள்ளைகள்ல பெரும்பாலானவங்க நல்லாத்தான் இருக்காங்க. சொந்தமில்லாதவங்களுக்கும் இது வரும். ஆனா ஒண்ணு மட்டும் நிச்சயம்: கிரகணத்துல வெளிய வந்ததாலயோ, மருமக ராசியாலயோ வர்றதில்ல. பழுதான காப்பி அம்மா பக்கம் ஒண்ணு, அப்பா பக்கம் ஒண்ணு. பழியை ஒருத்தர் மேல போட இதுல இடமே இல்ல. ஒரு குழந்தைக்கு வந்திருந்தா, அடுத்த குழந்தைக்குப் பிறந்த உடனே கண்ணைப் பரிசோதிக்கணும்.

சிகிச்சை

பெரியவங்களுக்கு சொட்டு மருந்துல ஆரம்பிப்பாங்க. பிறவிக் கிளாக்கோமாவுல முதல் சிகிச்சையே ஆபரேஷன்தான், ஏன்னா பிரச்சனை மதகோட அமைப்புல இருக்கு. சொட்டு மருந்து அதுவரைக்கும் தாங்கறதுக்கு. அதுலயும் கவனம் வேணும்: பெரியவங்களுக்குக் கொடுக்கற பிரிமோனிடின் ரெண்டு வயசுக்குக் கீழ கூடவே கூடாது, மூச்சே தடுமாறும்.

மயக்கம் கொடுத்து அழுத்தம், கார்னியா, நரம்பு எல்லாம் அளந்து பார்ப்பாங்க. அப்புறம் மதகைத் திறக்கற ஆபரேஷன். கார்னியா தெளிவா இருந்தா உள்ள பார்த்தே சல்லடையைக் கீறுவாங்க. அமெரிக்காவுல ஆட்டோ பார்க்கன் 1930-கள் கடைசியில கொண்டுவந்த முறை இது. மங்கலா இருந்தா வெளியிலிருந்து திறப்பாங்க. நம்ம நாட்டுல பல குழந்தைங்க மங்கின கண்ணோட தாமதமா வர்றதால, மதகைத் திறந்து பக்கத்துல ஒரு கலங்கலும் வெட்டற மாதிரி ரெண்டையும் சேர்த்தே செய்யறது வழக்கம். மூணு மாசத்துலிருந்து ஒரு வயசுக்குள்ள தெரியவர்ற குழந்தைங்களுக்குப் பலன் ரொம்ப நல்லா இருக்கும்.

அதுவும் போதலன்னா குழாய். மதுரையில அரவிந்த் கண் மருத்துவமனையோட தயாரிப்புப் பிரிவான ஆரோலேப், 2013-ல ஒரு சிலிகான் கருவியைக் குறைந்த விலையில கொண்டுவந்தது. இதுல வால்வு கிடையாது. அப்போ திரவம் மொத்தமா ஓடிடாதா? குழாயைக் கரையும் நூலால கட்டி வைப்பாங்க. கருவியைச் சுத்தி உடம்பே ஒரு உறை கட்டிக்க சில வாரம் ஆகும். நூல் சுமார் ஆறு வாரத்துல கரையும்போது உறை தயாரா இருக்கும். எனக்கு ரொம்பப் பிடிச்ச டிசைன் இது.

ஆபரேஷனோட கதை முடியாது. கண்ணாடி போடணும், பின்தங்கின கண்ணுக்குப் பயிற்சி கொடுக்க நல்ல கண்ணை மூடணும், வாழ்நாள் முழுக்க செக்கப் போகணும். "ஆபரேஷன் ஆயிடுச்சே"ன்னு நிறுத்தினா அழுத்தம் மறுபடி ஏறும்.

எங்க போறது?

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில காட்டி, பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கோங்க. ஏன்னா இந்த ஆபரேஷனுக்குத் தனிப் பயிற்சி உள்ள சர்ஜன் வேணும். சேலம், மதுரை அரவிந்த், 1819-ல ஆரம்பிச்ச எழும்பூர் அரசு கண் மருத்துவமனைன்னு வழிகள் இருக்கு. அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை அரசு டாக்டர் குழு வரும், அவங்ககிட்டயும் காட்டலாம்.

பெங்களூர்லயும் சென்னையிலயும் இருக்கற நமக்கு ஊர்லிருந்து குழந்தை போட்டோ வாட்ஸ்அப்ல வரும். ஹார்ட் போடறதுக்கு முன்னாடி ஜூம் பண்ணிப் பாருங்க. ஒரு கண்ணு மட்டும் பெருசா, மங்கலா தெரிஞ்சா உடனே போன் பண்ணுங்க.

கேள்வி இருந்தா அனுப்புங்க.