நூலகம் எங்கே வரணும்? கேட்கிற உரிமை உங்க வரி ரசீதிலேயே இருக்கு!

தி.நகரில் சொந்தமா வீடு, கடை இருக்கா? அப்போ சொத்து வரியோடு நூலகத்துக்கும் பணம் கட்டிட்டு வர்றீங்க.

எவ்வளவு?
100 ரூபாய் சொத்து வரிக்கு 10 ரூபாய் நூலக வரி. 1948-ம் ஆண்டு மெட்ராஸ் பொது நூலகச் சட்டம் கொண்டு வந்த ஏற்பாடு இது. மாநகராட்சி வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் தரணும். கிளை நூலகங்கள் இந்தப் பணத்தை நம்பித்தான் இருக்கு.

இடத்தை யார் முடிவு செய்றாங்க?
அரசுதான். கோட்டூர்புரத்தில் 8 ஏக்கரில் கட்டிய அண்ணா நூற்றாண்டு நூலகத்தை 2010 செப்டம்பரில் முதல்வர் கருணாநிதி திறந்தார். ஆட்சி மாறியது. 2011 நவம்பரில், நூலகத்தை நுங்கம்பாக்கம் டிபிஐ வளாகத்துக்கு மாற்றி, கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போவதாக ஜெயலலிதா அரசு அறிவித்தது. எழுத்தாளர்கள், வாசகர்கள் எதிர்த்தாங்க. வழக்கு போட்டாங்க. சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நூலகம் அங்கேயே நின்றது. ஆனா அதுக்குப் பிறகு, பராமரிப்புக்காகவும் நீதிமன்றப் படி ஏற வேண்டி வந்தது.

நாம என்ன கேட்கணும்?
புது நூலகம்னு அறிவிப்பு வந்தா, எத்தனை மாடினு பார்ப்பதோடு நிறுத்தாதீங்க. பஸ்ஸில் போக முடியுமா? வருஷா வருஷம் புத்தகம் வாங்கப் பணம் எங்கிருந்து வரும்? உங்க வார்டு கவுன்சிலரிடம் கேளுங்க. வரி கட்டுறது நீங்கதானே!