எலுமிச்சைச் சாற்றில் ஊறும் வேகாத மீன்

எலுமிச்சைச் சாறு பட்ட மீன், அடுப்பில் ஏறாமலே வெந்ததுபோல் மாறிவிடுகிறது. விரல் பருமனில் அரிந்த வஞ்சிரத் துண்டு முதலில் ஓரங்களில் வெளுக்கும். கால் மணி நேரத்தில் மேற்புறம் முழுதும் பால் நிறமாகும். குறுக்கே வெட்டினால் நடுவில் மட்டும் பச்சைச் சதை ஒரு கீற்றாகத் தெரியும். சூடு செய்வதைப் போலவே புளிப்பும் புரதத்தின் கட்டமைப்பைக் குலைக்கிறது. குலைந்த இழைகள் ஒன்றோடொன்று பின்னி, நீரை வெளியே தள்ளி இறுகுகின்றன. நெடுநேரம் ஊறினால் சதை வறண்டு உதிரும்.

ஜப்பானியரின் ‘ஷிமே சபா’வில் உப்புக்கே முதல் வேலை. கானாங்கெளுத்தியின் முள் நீக்கிய சதையை ஒரு மணி நேரமாவது உப்பில் புதைத்து, நீர் வடிந்ததும் கழுவித் துடைத்து, அதன் பிறகே அரிசி வினிகரில் போடுவார்கள். எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த யூசு, சுதாச்சி காய்களின் சாறு பெரும்பாலும் பரிமாறும்போதுதான் சேரும். 1899 முதல் பெரு நாட்டில் குடியேறிய ஜப்பானியரின் வழிவந்த சமையற்காரர்கள், அங்கே மணிக்கணக்கில் சாற்றில் ஊறிய ‘செவிச்சே’ மீனைச் சில நிமிட வேலையாக்கினார்கள்.

ஆனால் வெளுப்பது வேறு, வேகுவது வேறு. ஊறுகாய் கெடாமல் இருப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, உப்பும் புளிப்பும் எல்லாக் கிருமியையும் கொன்றுவிடும் என்ற எண்ணம் எளிதில் வரும். கடல்மீனில் இருக்கும் அனிசாகிஸ் என்ற புழு, இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் வெள்ளை நூல் போலச் சுருண்டு கிடக்கும். அது வினிகருக்கு அசைவதில்லை. அதை ஒழிப்பது சூடும் கடுங்குளிரும்தான். நெதர்லாந்தில் லேசாக உப்பிட்ட ஹெர்ரிங் மீனை உண்டவர்களுக்கு இந்தப் புழுவால் நோய் கண்டதால், 1968-ல் அந்த மீனை உறைய வைப்பதைச் சட்டமாகவே ஆக்கினார்கள்.

ஏரிமீன் இதைவிட ஆபத்தானது. உத்திரமேரூர்ப் பக்கம் விரும்பி வாங்கும் விராலின் இனத்தில் நாத்தோஸ்டோமா என்ற புழுவின் இளம்பருவம் தங்கக்கூடும். 1836-ல் லண்டன் விலங்குக்காட்சி சாலையில் இறந்த ஒரு புலியின் இரைப்பையில்தான் ரிச்சர்ட் ஓவன் இந்தப் புழுவை முதலில் கண்டார். நாய், பூனையின் கழிவு வழியாக இதன் முட்டை நீரில் கலக்கும்; முன்பு நரம்புச் சிலந்தி நோயைப் பரப்பிய அதே சைக்ளாப்ஸ் என்ற நுண்ணுயிர் இதன் இளம்புழுவை விழுங்கும்; அதை மீன் தின்னும். மனித உடலில் இந்தப் புழு முழு வளர்ச்சி அடைவதில்லை. தோலுக்கடியில் இடம் மாறி மாறி வீக்கம் காட்டும். சில வேளை கண்ணுக்கும் மூளைக்கும் போய்விடும். போருக்குப் பிந்தைய ஜப்பானில் விரால் இனத்தைப் பச்சையாக உண்டவர்கள் பலர் இதற்கு ஆளானார்கள். தாய்லாந்தின் வடகிழக்கில், எலுமிச்சை பிழிந்த நன்னீர் மீன் உணவான ‘கோய் பிளா’ கல்லீரல் தட்டைப்புழுவைப் பரப்பி, பித்தநாளப் புற்றுநோய்க்கு வழிவகுத்தது. சோழர் காலத்தில் ஏரி வாரியத்துக்கென்றே ஆறு பேரைத் தேர்ந்தெடுத்ததைக் கல்வெட்டில் பொறித்த ஊர் உத்திரமேரூர். இன்று ஏரிகளில் கழிவும் குப்பையும் சேர்வதைக் கேட்பார் இல்லை. அந்த நீரில் வளர்ந்த மீனை எந்தச் சாற்றில் ஊறவைத்தாலும் வேகாமல் உண்ணக் கூடாது.

வீட்டில் செய்ய விரும்புவோர் கடல்மீனை மட்டுமே எடுக்க வேண்டும். அதுவும் மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறைய வைத்ததாக இருக்க வேண்டும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டி அந்தக் குளிரை எட்டாது. மின்வெட்டு வேறு இருக்கிறது. ஆகவே ஆலையில் உறைய வைத்த மீனே சரி. அதை ஃபிரிட்ஜுக்குள் வைத்தே பனி இளக்கி, உப்பிட்டுத் துடைத்து, மெல்லியதாக அரிந்து, உண்பதற்குப் பத்து நிமிடம் முன் எலுமிச்சையும் சோயா சாஸும் சேர்த்தால் போதும். கிடாரங்காய்த் தோலைச் சிறிது துருவிப் போட்டால் யூசுவுக்கு ஈடாக ஒரு மணம் கிடைக்கும்.

சூரையும் கானாங்கெளுத்தியும் ஐஸ் இல்லாமல் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற நச்சு உருவாகும். பிறகு உறைய வைத்தாலும் வேகவைத்தாலும் அது போகாது. கடலிலிருந்து வண்டியில் வந்து சந்தையில் வெயில் தாங்கிய மீனை இதற்கு வாங்க வேண்டாம். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியோர், கல்லீரல் நோயாளிகள் இந்த உணவை அறவே தவிர்க்க வேண்டும்.