சர்வாதிகாரி பரிமாறிய நூடுல்ஸ்

தாய்லாந்தின் தேசிய உணவாகக் கொண்டாடப்படும் பத் தாய், மண்ணில் முளைத்ததல்ல. அரசு உத்தரவில் வளர்ந்தது. அதை வீட்டு அடுப்பில் சமைக்கப் புளியும் வெல்லமும் மட்டும் போதாது, கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.

பாங்காக்கின் பழைய நகரப் பகுதியில், மகாசாய் சாலையில் இருக்கிறது திப் சமாய். பொழுது சாய்ந்ததும் கடை முன் வரிசை நீளத் தொடங்கிவிடும். 1966ல் தொடங்கப்பட்ட இந்தக் கடையில் விற்பது பிரதானமாக ஒரே பண்டம்தான். கரி அடுப்பின் மேல் இரும்புச் சட்டி, அதில் புரளும் அரிசி நூடுல்ஸ், புளியும் சர்க்கரையும் மீன் சாறும் கலந்து எழும் ஆவி. வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டுப் பயணிகள். தாய்லாந்தின் தொன்மையான சுவை ஒன்றை ருசிக்கப்போகிறோம் என்ற பரவசம் அவர்கள் முகத்தில் தெரியும்.

தொன்மை என்பதுதான் இடிக்கிறது. பத் தாய் என்ற பெயரும் அதன் புகழும் 1930களின் பிற்பகுதிக்கு முன்னால் போவதில்லை. இதன் முழுப் பெயர் குவைதியாவ் பத் தாய். 'குவைதியாவ்' என்பது தாய் மொழிச் சொல்லே அல்ல. தென்சீனத்திலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த சொல். 'பத்' என்றால் சட்டியில் போட்டுப் புரட்டி வதக்குவது. அதுவும் சீனச் சமையல் முறைதான். ஆக, 'தாய் பாணியில் வதக்கிய சீன நூடுல்ஸ்' என்று பெயரிலேயே வாக்குமூலம் இருக்கிறது. பாங்காக் தெருக்களில் நூடுல்ஸ் விற்றவர்கள் சீனர்கள். வாங்கிச் சாப்பிட்டவர்கள் எல்லோரும்.

இதில் அரசு எப்படி நுழைந்தது? 1938 டிசம்பரில் பிரதமரானவர் ராணுவ அதிகாரி பிபுன்சொங்கிராம். 1932ல் முழு முடியாட்சிக்கு முடிவு கட்டிய குழுவில் ஒருவர். ஐரோப்பிய சர்வாதிகாரிகளைப் பார்த்து வியந்தவர். நாட்டை நவீனப்படுத்த வேண்டும், எல்லோரையும் ஒரே அச்சில் வார்க்க வேண்டும் என்பது அவரது வெறி. 1939 முதல் 1942 வரை 12 கலாசார ஆணைகள் வெளியாயின. தாய் மொழியில் இவற்றுக்கு 'ரட்டநியோம்' என்று பெயர். ராஷ்டிரம், நியமம் என்ற நமக்குப் பழக்கமான சொற்கள்தான் அப்படித் திரிந்திருக்கின்றன. முதல் ஆணை நாட்டின் பெயரையே மாற்றியது: சியாம், தாய்லாந்து ஆனது. இன்னொன்று, உள்நாட்டில் விளைவதையும் செய்வதையுமே வாங்குங்கள் என்றது. உடை பற்றி ஓர் ஆணை. பெண்கள் தொப்பி அணிய வேண்டும் என்று வலியுறுத்தப்பட்டது. வேலைக்குக் கிளம்பும் கணவன் மனைவியை முத்தமிட்டுவிட்டுப் போக வேண்டும் என்றுகூட அறிவுரை வந்தது. வெற்றிலை பாக்கு போடுவது நாகரிகமற்றது என்று தடை செய்தார்கள். தலைமுறை தலைமுறையாகச் சிவந்த வாய்களை ஓர் உத்தரவில் வெளுக்கவைக்கும் துணிச்சல் சர்வாதிகாரிகளுக்குத்தான் வரும்.

நூடுல்ஸும் இந்தத் திட்டத்தில் சேர்ந்தது. 1942ல் பாங்காக்கைப் பெருவெள்ளம் மூழ்கடித்தது. ஜப்பானியப் படை நாட்டுக்குள் இருந்தது. பொருளாதாரம் தள்ளாடியது. அந்த நவம்பரில் பிபுன் ஒரு கணக்குச் சொன்னார். நாட்டின் மக்கள்தொகை 1 கோடியே 80 லட்சம். ஆளுக்கொரு கிண்ணம் நூடுல்ஸ் தினமும் சாப்பிட்டால், கிண்ணம் 5 சதாங் வீதம் ஒரு நாளில் 9 லட்சம் பாட் நாட்டுக்குள்ளேயே சுழலும். அரிசி, பயறு விளைவிக்கும் விவசாயி முதல் இறால் பிடிக்கும் மீனவர் வரை பலனடைவார்கள். தேசபக்தியை இத்தனை துல்லியமாகக் கிண்ணக் கணக்கில் அளந்த தலைவர் வேறு யாரும் இருப்பார்களா என்பது சந்தேகமே.

இந்தக் கணக்குக்கு இன்னொரு பக்கம் உண்டு. நூடுல்ஸைத் தேசிய உணவாக்கிய அதே ஆண்டுகளில், அதைக் கொண்டுவந்த சீனர்களின் கழுத்தை நெரிக்கும் வேலையும் நடந்தது. சீனப் பள்ளிகள் மூடப்பட்டன. 1939க்குப் பிறகு சீன மொழிப் பத்திரிகைகளில் ஒன்றுதான் மிஞ்சியது. 1942ல் 27 தொழில்கள் தாய் குடிமக்களுக்கு மட்டுமே என்று ஆணை வந்தது. அரசுப் பள்ளி வளாகங்களில் உணவு விற்கும் வாய்ப்பும் சீனர்களுக்கு இல்லாமல் போனது. தாய் மக்களே தள்ளுவண்டியில் நூடுல்ஸ் விற்க முன்வர வேண்டும் என்று அரசு ஊக்குவித்தது. பண்டம் வேண்டும், அதைச் செய்துகாட்டியவன் வேண்டாம்.

தாய்லாந்தைப் பார்த்து நாம் முகம் சுளிக்க முடியாது. 1962 சீனப் போருக்குப் பிறகு, இந்தியாவில் பிறந்து வளர்ந்த சீன வம்சாவளியினர் ஏறத்தாழ 3,000 பேரை ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்துவைத்தோம். சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கே இருந்தார்கள். விடுதலையாகி வந்தபோது வீடும் கடையும் கைமாறியிருந்தன. பலர் கனடாவுக்குப் போய்விட்டார்கள். கல்கத்தாவின் டாங்ராவில் தோல் பதனிட்டுப் பிழைத்த ஹக்கா சீனர்களின் பெயரைத் தாங்கிய ஹக்கா நூடுல்ஸ் மட்டும் இன்று ஊர் ஊராக, முட்டுச் சந்து வரை விற்கிறது.

பிபுனின் ஆணைகள் பெரும்பாலும் அவரோடு போயின. தொப்பி போனது, முத்தமும் அப்படியே. 1957ல் ராணுவத் தளபதி சரித் அவரைக் கவிழ்த்தார். ஜப்பானில் தஞ்சமடைந்த பிபுன் 1964ல் அங்கேயே இறந்தார். நாட்டின் புதிய பெயரும் இந்த நூடுல்ஸும் நிலைத்துவிட்டன. 2000களின் தொடக்கத்தில் உலகெங்கும் தாய் உணவகங்களைப் பெருக்க அந்த நாட்டு அரசே திட்டம் போட்டபோது, முன்வரிசையில் நின்றது பத் தாய்.

அரசு தூக்கிப் பிடித்த எல்லாப் பண்டமும் நிலைப்பதில்லை. இது நிலைத்ததற்குக் காரணம், ருசி. சீன வதக்கல் நூடுல்ஸின் சுவையைச் சோயா சாறு தீர்மானிக்கும். பத் தாயில் அந்த இடத்தைப் புளியும் பனஞ்சர்க்கரையும் மீன் சாறும் பிடித்துக்கொண்டன. புளிப்பு, இனிப்பு, உப்பு. தமிழ் நாக்குக்கு இது அந்நியமே அல்ல. தாய் மொழியில் சர்க்கரைக்குப் பெயர் 'நாம்தான்'. 'நாம்' என்றால் நீர், 'தான்' என்றால் பனை. பதநீரைக் காய்ச்சித்தான் அவர்களும் சர்க்கரை செய்தார்கள். தென்மேற்கே உள்ள பேட்சபுரி மாநிலம் இன்றும் பனைக்கும் அதன் வெல்லத்துக்கும் பேர்போனது.

இனி வீட்டு அடுப்பு. இந்திய நகரங்களில் பத் தாய் என்ற பெயரில் பல உணவகங்கள் பரிமாறுவது தக்காளி சாஸில் புரட்டிய சிவப்பு நூடுல்ஸ். அதற்கு வீட்டில் செய்வதே மேல். ஆனால் முதல் முறை செய்பவர்கள் பெரும்பாலும் களியைத்தான் கிண்டுகிறார்கள். காரணங்கள் இரண்டு. நூடுல்ஸை வேகவைப்பது ஒன்று. ஒரே ஈட்டில் நாலைந்து பேருக்குச் சமைப்பது மற்றது.

அரிசி நூடுல்ஸ் என்பது நம் சேவைக்குத் தூரத்து உறவு. ஊறவைத்து அரைத்த அரிசி மாவை மெல்லிய ஏடாக ஆவியில் வேகவைத்து, நாடாவாக வெட்டி, உலர்த்துகிறார்கள். அதாவது பாக்கெட்டில் வரும்போதே அது ஒருமுறை வெந்ததுதான். மறுபடி கொதிக்கும் நீரில் போட்டால் குழையாமல் என்ன செய்யும்? சாதாரணத் தண்ணீரில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஊறினால் போதும். விரலில் சுற்றினால் ஒடியாமல் வளைய வேண்டும், கடித்தால் நடுவில் விறைப்பு தெரிய வேண்டும். அந்தப் பதத்தில் வடித்துவிடுங்கள். மீதி வேக்காடு சட்டியில், புளிச் சாற்றைக் குடித்து நடக்கும். மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் அகல நூடுல்ஸ் வாங்குங்கள். தாய்லாந்தில் சந்தபுரி மாநிலத்தின் பெயரால் வழங்கும் 'சென் சான்' ரகம் இழுத்தால் அறுந்துவிடாத உறுதிக்குப் பெயர்பெற்றது.

இரண்டு பேருக்கு 125 கிராம் உலர்ந்த நூடுல்ஸ் போதும். சின்ன எலுமிச்சம்பழ அளவு புளியைக் கால் டம்ளர் வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரையுங்கள். நாலு மேஜைக் கரண்டி கிடைக்கும். பழைய புளி கறுத்துவிடும்; புதுப் புளி நல்லது. 35, 40 கிராம் பனஞ்சர்க்கரையை அடுப்பில் உருக்கி, புளிக் கரைசலையும் இரண்டு மேஜைக் கரண்டி மீன் சாற்றையும் ஊற்றி, கரைந்ததும் இறக்குங்கள். தாய் பனஞ்சர்க்கரை இளம் பழுப்பு நிறம், மென்மையானது. நம் கருப்பட்டியில் நிறமும் புகைவாசமும் அதிகம். பாதி கருப்பட்டி, பாதி வெல்லம் என்று போட்டால் சமாளிக்கலாம். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். மூன்று சுவையும் 'கொஞ்சம் அதிகம்' என்று தோன்ற வேண்டும். நூடுல்ஸுக்குத் தன் சுவை என்று எதுவும் கிடையாது.

மீன் சாறு என்றதும் சைவர்கள் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். நெத்திலி போன்ற சிறு மீன்களை உப்பில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடிக்கும் திரவம் அது. அதற்குப் பதிலாகச் சோயா சாறும் உப்பும் சேர்ப்பது ஒன்றும் கலப்படமல்ல. தாய்லாந்திலேயே ஆண்டுக்கொருமுறை வரும் சைவத் திருவிழாவின்போது, இறைச்சி, மீன், முட்டையோடு பூண்டையும் வெங்காயத்தையும்கூட ஒதுக்கிச் சமைக்கிறார்கள். அந்த ஒன்பது நாளும் பத் தாய் சாப்பிடாமல் யாரும் பட்டினி கிடப்பதில்லை.

மற்ற சாமான்கள்: நறுக்கிய சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு கைப்பிடி உலர்ந்த சிறு இறால் (மீன் கடைகளில் சென்னாக்கூனி கிடைத்தால் அதுவே போதும்), கெட்டியான டோஃபு, இரண்டு முட்டை, பெரிய இறால் ஏழெட்டு, வறுத்துப் பொடித்த வேர்க்கடலை. டோஃபு கிடைக்காதபோது பனீர் போடுகிறார்கள். பால் வாசமும் புளியும் ஒத்துப்போவதில்லை. அதைவிட ஒரு முட்டை கூடுதலாகப் போடலாம். முளைகட்டிய பயறு என்றால் நாம் சுண்டலுக்கு ஒரு நாள் முளைகட்டுவது அல்ல. பச்சைப்பயறை இருட்டில் நாலைந்து நாள் நீர் தெளித்து வளர்த்த, விரல் நீள வெள்ளை முளைகள். பூண்டு வாசம் வீசும் தட்டைத் தாளுக்கு மணிப்பூரில் மரோய் நாகுப்பி என்று பெயர். டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட் போன்ற இடங்களில் இந்த வகைச் சரக்குகள் கிடைக்கும். கிடைக்காத ஊரில் வெங்காயத்தாள். உப்பில் பதப்படுத்திய இனிப்பு முள்ளங்கியும் சேர்ப்பார்கள். அது இல்லையென்றால் விட்டுவிடலாம்.

இனி நடப்பது ஐந்து நிமிட வேலை. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அடுப்பைப் பற்றவைத்த பிறகு பூண்டு உரிக்கக் கூடாது. இரும்பு வாணலியைப் புகை வரும்வரை காயவிட்டு மூன்று மேஜைக் கரண்டி எண்ணெய் ஊற்றுங்கள். பெரிய இறாலைச் சுண்டவிட்டுத் தனியே எடுத்துவிடுங்கள். வெங்காயம், பூண்டு, உலர் இறால், டோஃபு சிவந்ததும் நூடுல்ஸைப் போட்டு உடனே சாற்றை ஊற்றிப் புரட்டுங்கள். சாறு முழுதும் இழுக்கப்பட்ட பிறகும் விறைப்பாக இருந்தால், ஒரு கரண்டி தண்ணீர் தெளியுங்கள், அதிகம் வேண்டாம். நூடுல்ஸை ஓரம் தள்ளி, காலி இடத்தில் முட்டையை உடைத்து ஊற்றி, பாதி வெந்ததும் அதன் மேல் நூடுல்ஸைக் கவிழ்த்துக் கிளறுங்கள். முளைப்பயறு, தாள், இறால், பாதி வேர்க்கடலையைப் போட்டு இரண்டு புரட்டுப் புரட்டி இறக்கிவிடுங்கள். முளை வேகக் கூடாது.

இரண்டு பேருக்கு மேல் ஒரே ஈட்டில் செய்யாதீர்கள் என்பதற்கு அடுப்புதான் காரணம். தெருக்கடைக்காரரின் கரி அடுப்புக்கு முன் வீட்டுக் கேஸ் அடுப்பு ஒரு அகல்விளக்கு. ஈரமான பண்டம் விழுந்ததும் சட்டியின் சூடு சட்டென்று இறங்கும். அளவு அதிகமானால் தண்ணீர் ஆவியாகாமல் தேங்கும். வதங்க வேண்டிய நூடுல்ஸ் வேகத் தொடங்கும், கஞ்சிப் பசை வெளியேறும், பிறகு கரண்டியே நிமிர்ந்து நிற்கும். நாலு பேர் விருந்துக்கு வந்தால் இரண்டு ஈடு. முந்திய ஈட்டைப் பெற்றவர்கள் மரியாதைக்காகக் காத்திருக்கக் கூடாது. பத் தாய் ஆறினால் கட்டிப்படும், மறுநாள் சூடுபடுத்தினால் துண்டு துண்டாகும்.

தட்டின் ஓரத்தில் எலுமிச்சைத் துண்டு, மிளகாய்த்தூள், சர்க்கரை, மீதி வேர்க்கடலை, ஒரு பிடி பச்சை முளைப்பயறு. கூடவே வாழைப்பூ. கள்ளன் எடுத்து, மோர் ஊற்றி, பருப்பு உசிலி செய்யும் நமக்கு ஆச்சரியமாக இருக்கலாம்: அவர்கள் உள்மடலைப் பச்சையாகவே கடித்துக்கொள்கிறார்கள். அந்தத் துவர்ப்புக்குப் பிறகு அடுத்த வாய் நூடுல்ஸ் இன்னும் இனிக்கிறது. கடைசியில் உப்பா புளிப்பா காரமா எது தூக்கலாக வேண்டும் என்பதைச் சமைத்தவர் முடிவு செய்வதில்லை. பாங்காக் கடைகளில் மேஜைக்கு மேஜை சர்க்கரை, மிளகாய்த்தூள், மிளகாய் ஊறிய காடி, மீன் சாறு என்று நாலு கிண்ணங்கள் இருக்கும். அவரவர் தட்டில் அவரவர் கை.